ஓபரா ஒலிப்பதிவுக்கு ஒரு குறியீடு, அதன் இசைக்கு வேறொரு குறியீடு: பிரித்தறிந்து பட்டியலிடும் வழிமுறை

ஜூபின் மேத்தா நடத்த, லூச்சானோ பவரொட்டியும் ஜோன் சதர்லாண்டும் பாட, 1972ஆம் ஆண்டு லண்டனில் டெக்கா நிறுவனம் பதிவு செய்த 'துராந்தோத்' ஓபராவைப் பட்டியலில் ஏற்ற ஒருவர் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் அங்கத்தில் வரும் 'நெஸ்ஸுன் தோர்மா' பாடலை அவர் எட்டும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது எந்தப் பாட்டு என்பது ஒரு கேள்வி. யார், எப்போது, எங்கே பாடிப் பதிவான ஒலி என்பது மற்றொரு கேள்வி. முதல் கேள்விக்கான விடை 1924ஆம் ஆண்டு மறைந்த ஜாக்கோமோ புச்சினியின் கையெழுத்துப் படிக்குச் செல்கிறது. இரண்டாம் கேள்விக்கான விடை கிங்ஸ்வே அரங்கில் அன்று சுழன்ற ஒலிநாடாவோடு நின்றுவிடுகிறது. இந்த இரண்டுக்கும் தனித்தனியே சர்வதேசக் குறியீடுகள் இருக்கின்றன. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் எழுதிவிட்டால் பட்டியல் முழுவதும் குழம்பிப்போகும்.

வீட்டில் குறுந்தகடுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், நூலகத்திலோ வானொலி நிலையத்திலோ ஒலிக்காப்பகத்தைக் கவனிப்பவர்கள், தாங்களே ஓர் ஓபராவைப் பதிவு செய்து வெளியிட எண்ணுபவர்கள் ஆகிய மூவகையினருக்கும் இந்த வழிமுறை பயன்படும். திரைப்பாடலுக்கு இந்த வேலை எளிது. ஒரு பாட்டு, ஒரு பதிவு, ஒரு தடம் என்று கணக்கு நேராக வந்துவிடும். ஓபராவில் இசை இடைவெளியின்றி ஓடுகிறது, அதை எங்கே வெட்டுவது என்று தீர்மானிப்பவர் தயாரிப்பாளர், ஒரே ஓபராவுக்கு இசையமைப்பாளர் எழுதிய வடிவங்களே பல. ஆகவே இங்கே சற்றுப் பொறுமையாகத்தான் போகவேண்டும்.

ஒலிப்பதிவுக் குறியீடு

ஒலிப்பதிவுகளை அடையாளம் காட்டும் குறியீட்டை ஐஎஸ்ஆர்சி என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். ஐஎஸ்ஓ 3901 என்ற தரநிலையாக 1986ஆம் ஆண்டு முதலில் வெளியான இது, 2001ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் திருத்தப்பட்டது. ஒலிப்பதிவு நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ இதன் பொறுப்பைக் கவனிக்கிறது. குறியீட்டில் பன்னிரண்டு இடங்கள் இருக்கும். முதல் இரண்டும் நாட்டைக் குறிக்கும் எழுத்துகள். அடுத்த மூன்றும் குறியீட்டை வழங்கும் பதிவாளருக்கு ஒதுக்கப்பட்டவை, அவற்றில் எழுத்தும் எண்ணும் கலந்து வரலாம். பிறகு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். இறுதியில் ஐந்து இலக்க வரிசை எண். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் ஐந்து இடங்களையும் சேர்த்து ஒரே முன்னொட்டாகக் கருதுகிறார்கள். இடையிடையே போடப்படும் சிறு கோடுகள் கண்ணுக்கு வசதிக்காக மட்டுமே. கோப்பில் சேமிக்கும்போது அவற்றை நீக்கிவிட வேண்டும்.

இந்தப் பன்னிரண்டு இடங்களையும் பார்த்தவுடன் அவற்றிலிருந்து பொருள் எடுக்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. முதலில் வரும் நாட்டு எழுத்துகள் பதிவாளர் முன்னொட்டைப் பெற்ற இடத்தைக் காட்டுகின்றனவே தவிர, பாடகர் எங்கே நின்று பாடினார் என்பதைக் காட்டுவதில்லை. அமெரிக்காவில் யூஎஸ் என்ற எழுத்துகளில் இடம் தீர்ந்துவந்ததால் க்யூஎம், க்யூஇசட் போன்ற எழுத்துகளும் வழக்கத்துக்கு வந்தன. அவற்றுக்கு இணையான நாடு உலகில் எங்கும் கிடையாது. ஆண்டும் அப்படித்தான். இப்போதைய விதிப்படி அது குறியீடு வழங்கப்பட்ட ஆண்டு. ஆனால் பழைய பதிவுகள் பலவற்றில் ஒலி பதிவான ஆண்டையே அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். 1953ஆம் ஆண்டில் இந்தக் குறியீட்டு முறையே இல்லை என்றாலும், 53 என்ற எண்ணைத் தாங்கிய குறியீட்டைப் பழைய பதிவு ஒன்றில் காணலாம். எனவே பதிவான தேதியைத் தகட்டோடு வந்த கையேட்டிலிருந்து தனியே எடுத்து எழுதவேண்டும். குறியீட்டிலிருந்து ஊகிக்கக் கூடாது.

உரிமையாளர் பெயரையும் குறியீட்டிலிருந்து படிக்க முடியாது. மரியா காலஸ், ஜுசெப்பே தி ஸ்தெஃபானோ, தித்தோ கோப்பி ஆகியோர் பாட, விக்டர் தெ சபாத்தா நடத்த, 1953ஆம் ஆண்டு ஆகஸ்டில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் பதிவான 'தோஸ்கா' இதற்கு நல்ல சான்று. அதைப் பதிவு செய்தது இஎம்ஐ. அந்த நிறுவனம் பிரித்து விற்கப்பட்டபோது அதன் செவ்வியல் இசைப் பிரிவு 2013ஆம் ஆண்டில் வார்னர் கைக்குச் சென்றது. கை மாறியதால் குறியீடு மாறாது என்பது விதி. ஒருமுறை ஒரு பதிவுக்குக் கொடுத்த குறியீடு அந்தப் பதிவோடு கடைசிவரை இருக்கவேண்டும், வேறு எந்தப் பதிவுக்கும் அதை மறுபடி வழங்கக் கூடாது. முன்னொட்டு இஎம்ஐயைச் சேர்ந்ததாக இருக்க, உறையில் வார்னர் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, தவறு நடந்திருக்கிறது என்று யாரும் திருத்த முனைய வேண்டாம்.

எப்போது பழையது, எப்போது புதியது

ஒரே பதிவை எம்பி3 கோப்பாகவும் ஃப்ளாக் கோப்பாகவும் குறுந்தகடாகவும் வெளியிட்டால் குறியீடு ஒன்றுதான். வடிவம் மாறினாலும் ஒலி மாறவில்லை. ஒற்றைத்தட ஒலி, ஸ்டீரியோ, சூழொலி என்று கலவை வேறுபட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வேண்டும். மேடை நிகழ்ச்சியைப் படம் பிடித்து வெளியிட்டால், அந்தக் காட்சிப்பதிவுக்கு ஒலிப்பதிவின் குறியீட்டைக் கொடுக்கக் கூடாது, வேறு குறியீடு வழங்கவேண்டும்.

மறுசீரமைப்பு என்பதுதான் எல்லோரையும் தடுமாற வைக்கும் இடம். புதிய ஊடகத்துக்கு ஏற்றவாறு ஒலியளவைச் சற்றுச் சரிசெய்வதற்கும், மூல நாடாவை மீண்டும் எடுத்து, இரைச்சலை நீக்கி, பழுதான ஒட்டுகளைச் செப்பனிட்டு, ஒலியின் தன்மையையே மீட்டெடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. முதல் வகைக்குப் பழைய குறியீடே போதும். இரண்டாம் வகைக்குப் புதியது வழங்கப்படும். காலஸின் ஸ்டுடியோப் பதிவுகளை 2014ஆம் ஆண்டில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் மறுசீரமைத்து வெளியிட்டார்கள். உங்கள் அலமாரியில் அதே 'தோஸ்கா'வின் பழைய குறுந்தகடும் 2014ஆம் ஆண்டு வெளியீடும் அருகருகே இருந்தால், இரண்டிலிருந்தும் குறியீடுகளைத் தனித்தனியே படித்து எழுதுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்க வேண்டாம். மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற திறந்த தரவுத்தளங்கள் மறுசீரமைப்பைத் தனிப் பதிவாகக் கொள்வதில்லை என்பதால், அங்கே ஒரே பதிவின் கீழ் இரண்டு மூன்று குறியீடுகள் தொங்குவதைக் காண்பீர்கள். அது பிழையல்ல, அந்தத் தளத்தின் கொள்கை.

இனி 'நெஸ்ஸுன் தோர்மா'வுக்குத் திரும்புவோம். கச்சேரி மேடையில் இந்தப் பாடல் உச்ச சுரத்தில் முடிந்து, இசைக்குழு நிறைவான ஒரு முடிப்பை வாசிக்க, கைதட்டல் எழும். ஆனால் புச்சினி எழுதிய ஓபராவில் அப்படி ஒரு முடிவு கிடையாது. 'வின்செரோ' என்ற கடைசிச் சொல் ஒலித்த பின் இசைக்குழு சில நொடிகள் பொங்கி எழுந்து, நிற்காமலே அடுத்த காட்சிக்குள் நழுவுகிறது. அமைச்சர் பிங், நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளவரசனிடம் கண்ணைத் தாழ்த்தச் சொல்லிப் பாடத் தொடங்குகிறார். முழு ஓபராவின் தகட்டில் இந்தத் தடம் வெட்டப்படும் இடத்தில் ஒலி நின்றிருக்காது. அதே பதிவிலிருந்து பாடலை மட்டும் எடுத்துத் தொகுப்புத் தகட்டில் சேர்க்கும்போது, ஒலியைத் தணித்து மங்கச்செய்வார்கள், அல்லது வேறொரு முடிப்பை ஒட்டிவிடுவார்கள். பாடியவர், நடத்தியவர், நாள், அரங்கு எல்லாம் ஒன்றாக இருந்தும், காதில் விழும் ஒலியின் முடிவு வேறு, நீளமும் வேறு. எனவே அது வேறு பதிவு, அதற்கு வேறு குறியீடு இருக்கவேண்டும். 1990ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் ஒளிபரப்புக்கு பிபிசி இந்தப் பதிவை முகப்பிசையாக எடுத்துக்கொண்ட பின் இது எண்ணற்ற தொகுப்புகளில் இடம்பெற்றது. ஆகவே இந்த ஒரு பாடலுக்கு மட்டும் எச்சரிக்கையை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஒரு வேலை முறை கிடைக்கிறது. ஒவ்வொரு தடத்துக்கும் அதன் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் மூலமொழியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீளத்தை நொடிவரை குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வெளியீடுகளில் உள்ள தடங்கள் ஒரே பதிவுதானா என்ற ஐயம் வரும்போது, தலைப்பு உங்களுக்கு உதவாது. இந்த மூன்று குறிப்புகளும் உதவும். நான் பட்டியலிட்ட ஒவ்வொரு ஓபராவிலும் இந்தப் பழக்கம் ஓரிடத்திலாவது என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

தகட்டிலிருந்து குறியீட்டைப் படிப்பது

குறுந்தகட்டில் இசையோடு சேர்த்து, காதுக்குக் கேட்காத துணைத்தரவுத் தடம் ஒன்றும் ஓடுகிறது. நொடிக்கு 75 பிரிவுகளாக அமைந்த அந்தத் தரவில், பெரும்பாலான பிரிவுகள் நேரத்தைச் சொல்கின்றன. நூறு பிரிவுகளுக்கு ஒருமுறையாவது ஒரு பிரிவு ஒலிப்பதிவுக் குறியீட்டைத் தாங்கி வரும். தயாரிப்பாளர் அதைப் பதித்திருந்தால் மட்டுமே இது கிடைக்கும். 1980களில் வெளியான பல ஓபராத் தகடுகளில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். கணினியில் தகட்டை நகலெடுக்கும் மென்பொருள்கள் பலவும் இதைப் படித்துக் காட்டும்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். மூன்று தகடுகள் கொண்ட ஓர் ஓபராத் தொகுப்பின் குறியீடுகளை ஒரே மாலையில் படித்து அட்டவணையில் ஏற்றினேன். மறுவாரம் இணையத் தேடலில் சரிபார்த்தபோது, இரண்டாம் தகட்டின் பதினொன்றாம் தடத்திலிருந்து எல்லாக் குறியீடுகளும் ஒரு தடம் பின்தங்கியிருந்தன. தகட்டு இயக்கி, தடம் மாறும் எல்லையில் முந்தைய தடத்தின் குறியீட்டையே பிடித்துக் கொடுத்திருக்கிறது. வரிசை எண்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனதால் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தன. அன்றிலிருந்து தடத்தின் தொடக்கத்தில் படிக்காமல் நடுவில் படிக்கும்படி மென்பொருளை அமைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தகட்டையும் இரண்டு முறை, முடிந்தால் இரண்டு வெவ்வேறு இயக்கிகளில் படிக்கிறேன். அடுத்தடுத்த இரண்டு தடங்களுக்கு ஒரே குறியீடு வந்தால், அதை உடனே சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவு கவனம் ஏன் தேவை என்றால், ஒலிப்பதிவுக் குறியீட்டில் சரிபார்ப்பு இலக்கம் இல்லை. ஓர் எண் மாறிப்போனாலும் அது பிழையான குறியீடாகத் தெரியாது. வேறொரு பதிவின் சரியான குறியீடாகவே நிற்கும். ஆங்கில எழுத்து ஓவுக்கும் சுழியத்துக்கும், ஐக்கும் ஒன்றுக்கும் உள்ள குழப்பம் பதிவாளர் பகுதியில்தான் நிகழும், ஏனென்றால் எழுத்தும் எண்ணும் கலந்து வருவது அங்கேதான். கடைசி ஏழு இடங்களிலும் எழுத்து வரவே கூடாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகளைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். மீதிக்கு ஐஎஃப்பிஐ பொதுமக்களுக்காக நடத்தும் இலவசத் தேடல் தளம் இருக்கிறது. அங்கே குறியீட்டை இட்டு, வரும் தலைப்பும் பாடகர் பெயரும் நீளமும் உங்கள் குறிப்போடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

கோப்புகளாக வாங்கியவர்கள் எம்பி3 கோப்பின் குறிப்புப் பகுதியில் டிஎஸ்ஆர்சி என்ற புலத்தையும், ஃப்ளாக் கோப்பில் ஐஎஸ்ஆர்சி என்ற புலத்தையும் பார்க்கலாம்.

இசைப்படைப்புக் குறியீடு

இசையமைப்பாளர் எழுதிய படைப்பை அடையாளம் காட்டும் குறியீட்டை ஐஎஸ்டபிள்யூசி என்கிறார்கள். இது ஐஎஸ்ஓ 15707 தரநிலை. இதன் முதல் பதிப்பு 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. படைப்பாளர் உரிமைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான சிசாக் இதை நிர்வகிக்கிறது. குறியீட்டை வழங்குவது அதன் உறுப்புச் சங்கங்கள்: இத்தாலியில் 1882ஆம் ஆண்டு மிலானில் தோன்றிய எஸ்ஐஏஇ, பிரான்சில் சாசெம், ஜெர்மனியில் கேமா என்று நாட்டுக்கு நாடு அமைப்புகள் உண்டு. எஸ்ஐஏஇயைத் தொடங்கியவர்களில் ஓபரா இசையமைப்பாளர் ஜுசெப்பே வெர்டியும் ஒருவர் என்பதால், ஓபராவுக்கும் இந்த நிர்வாகத்துக்கும் உள்ள உறவு வேரிலிருந்தே வருவது.

குறியீட்டின் அமைப்பு எளிது: டி என்ற எழுத்து, ஒன்பது இலக்கங்கள், ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஒலிப்பதிவுக் குறியீட்டில் இல்லாத பாதுகாப்பு இதில் இருக்கிறது. கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். டி-034.524.680-1 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்பது இலக்கங்களையும் அவற்றின் இட எண்ணால் பெருக்கவேண்டும்: முதலிடத்துச் சுழியத்தால் 0; இரண்டாமிடத்து 3ஐ 2ஆல் பெருக்க 6; மூன்றாமிடத்து 4க்கு 12; நான்காமிடத்து 5க்கு 20; ஐந்தாமிடத்து 2க்கு 10; ஆறாமிடத்து 4க்கு 24; ஏழாமிடத்து 6க்கு 42; எட்டாமிடத்து 8க்கு 64; ஒன்பதாமிடத்துச் சுழியத்துக்கு 0. எல்லாவற்றையும் கூட்டினால் 178. டி என்ற எழுத்துக்காக 1 சேர்த்தால் 179. இதை அடுத்த பத்தின் மடங்கான 180 ஆக்க 1 தேவை. அதுவே சரிபார்ப்பு இலக்கம். கூட்டுத்தொகை சரியாகப் பத்தின் மடங்காக இருந்தால் இலக்கம் சுழியம். முதன்முதலாக வழங்கப்பட்ட டி-000.000.001-0 அப்படிப்பட்டது, அது ஆபா குழுவின் 'டான்சிங் குயின்' பாடலுக்குக் கொடுக்கப்பட்டது. அட்டவணை மென்பொருளில் இந்தக் கணக்கை ஒரே சூத்திரமாக எழுதி வைத்துவிட்டால், தட்டச்சுப் பிழைகளில் பெரும்பாலானவை ஏறும்போதே பிடிபடும்.

சிசாக்கின் பொதுத் தேடல் தளத்தில் தலைப்பையும் படைப்பாளர் பெயரையும் கொடுத்துத் தேடலாம். அங்கேதான் ஓபராவின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. 'துராந்தோத்' என்று தேடினால் ஒரே ஒரு விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முழு ஓபரா, தனிப்பாடல்கள், இசைக்குழுவுக்கான தொகுப்புகள், பித்தளைக் கருவிகளுக்கான மாற்றமைப்புகள் என்று பல வரிசைகள் வரும். ஒவ்வொன்றும் அதனதன் நியாயத்தில் தனிப் படைப்பு. விடைகளில் தலைப்பைவிடப் படைப்பாளர் பட்டியலைக் கவனியுங்கள். யார் இசையமைத்தார், யார் பாடல் எழுதினார், யார் மாற்றியமைத்தார், யார் மொழிபெயர்த்தார் என்ற பங்குகள் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஐபிஐ எனப்படும் படைப்பாளர் எண்ணும் இருக்கும். ஒரே பெயருள்ள இருவரைப் பிரிக்க அந்த எண்தான் உதவும்.

'துராந்தோத்'தையே பாருங்கள். பாடல்களை எழுதியவர்கள் ஜுசெப்பே அதாமி, ரெனாத்தோ சிமோனி ஆகிய இருவர். புச்சினி இறுதிக் காட்சியை முடிக்காமலே மறைந்தார். விட்டுப்போன குறிப்புகளைக் கொண்டு ஃபிராங்கோ அல்ஃபானோ அதை நிறைவு செய்தார். 1926ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று லா ஸ்காலாவில் நடந்த முதல் அரங்கேற்றத்தில், நடத்துநர் தோஸ்கானினி புச்சினியின் கை நின்ற இடத்தோடு இசையை நிறுத்திவிட்டார். அல்ஃபானோவின் முதல் வடிவம் நீளமானது, அதைச் சுருக்கிய வடிவமே பெரும்பாலான அரங்குகளில் ஒலிக்கிறது. பின்னர் லூச்சானோ பெரியோ வேறொரு முடிவை எழுத, அது 2002ஆம் ஆண்டில் முதன்முறையாக நிகழ்த்தப்பட்டது. ஆகவே கடைசித் தகட்டின் கடைசித் தடங்களைக் கையில் எடுக்கும்போது, இவற்றில் எந்த முடிவு பாடப்பட்டிருக்கிறது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே படைப்புக் குறியீட்டை எழுதவேண்டும். இது வெறும் பட்டியல் நுணுக்கம் அன்று. படைப்பாளர் மறைந்து எழுபது ஆண்டுகள் வரை காப்புரிமை நிலைக்கும் நாடுகளில், 1924ஆம் ஆண்டு மறைந்த புச்சினியின் இசை 1994ஆம் ஆண்டு முடிவோடு பொதுவுடைமையாகிவிட்டது. 1954ஆம் ஆண்டு மறைந்த அல்ஃபானோவின் பகுதி 2024ஆம் ஆண்டு முடிவுவரை காக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு மறைந்த பெரியோவின் முடிவு இன்றும் காப்புரிமைக்கு உட்பட்டது. படைப்புக் குறியீட்டைத் தவறாக இணைத்தால், பணம் தவறான கைக்குப் போகும், அல்லது யாருக்கும் போகாது.

மொழிபெயர்ப்பும் திருத்தமும் இதே போன்றவை. வெர்டியின் 'தோன் கார்லோஸ்' 1867ஆம் ஆண்டு பாரிசில் பிரெஞ்சு மொழியில் ஐந்து அங்கங்களாக அரங்கேறியது. 1884ஆம் ஆண்டு மிலானில் இத்தாலியத்தில் 'தோன் கார்லோ' என்ற பெயரில் நான்கு அங்கங்களாகச் சுருங்கியது. தலைப்பின் கடைசி எழுத்து மட்டும் மாறியிருக்கிறது என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட், வெர்டியின் 'ரிகோலெத்தோ' ஓபராவிலிருந்து பியானோவுக்காக எழுதிய உருமாற்றத்தில் ஒலிப்பது வெர்டியின் நால்வர் பாடல்தான் என்றாலும், லிஸ்டின் படைப்பு தனியானது; அதற்கு வெர்டியின் படைப்புக் குறியீட்டை ஒட்டுவது பெரும் பிழை.

முழு ஓபராவையும் அதன் பாடல்களையும் தனித்தனியே பதிந்திருப்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. ஓபராவை மேடையேற்றும் உரிமையைப் பெரும்பாலும் பதிப்பாளரே நேரடியாக வழங்குவார். புச்சினிக்கு அந்தப் பதிப்பாளர் மிலானின் ரிக்கோர்டி. கச்சேரியிலும் வானொலியிலும் தனிப்பாடல்கள் ஒலிப்பதற்கான உரிமையை உரிமைச் சங்கங்கள் கவனிக்கும். அதனால் சங்கத்தின் பதிவேட்டில் தனிப்பாடல் முதன்மையாக நிற்கும். பட்டியலிடும் நாம் இரண்டையும் எழுதவேண்டும்: தடத்துக்குப் பாடலின் குறியீடு, தொகுப்பு முழுமைக்கும் ஓபராவின் குறியீடு.

ஒரே பாடலுக்கு இரண்டு குறியீடுகள் கிடைப்பதும் உண்டு. வெவ்வேறு சங்கங்கள் வெவ்வேறு காலத்தில் ஒன்றையே பதிந்துவிட்டதால் நேர்ந்தது அது. பின்னர் கண்டுபிடிக்கும்போது ஒன்றை முதன்மையாக்கி மற்றதை அதனோடு இணைப்பார்கள். அதுவரை இரண்டையும் எழுதி, எந்தத் தேதியில் எங்கே பார்த்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

குறியீடு கிடைக்காதபோது

காப்புரிமை முடிந்து நெடுநாள் ஆன ஓபராக்களில் ஒவ்வொரு பாடலுக்கும் நம்பத்தக்க படைப்புக் குறியீடு கிடைக்காமல் போகலாம். அந்த இடத்தை ஊகத்தால் நிரப்பாமல், அறிஞர்கள் வகுத்த படைப்புப் பட்டியல் எண்ணை எழுதுங்கள். மொசார்ட்டுக்கு கோஷெல் எண், வாக்னருக்கு டபிள்யூடபிள்யூவி எண், ஹேண்டலுக்கு எச்டபிள்யூவி எண் என்று இவை நெடுங்காலமாக வழக்கில் உள்ளவை. சில இடங்களில் இவை சர்வதேசக் குறியீட்டைவிடத் தெளிவானவை என்பதே என் கருத்து. மொசார்ட்டின் 'தோன் ஜொவான்னி' கோஷெல் 527. அது 1787ஆம் ஆண்டு பிராகா நகரில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு வியன்னாவுக்காக அவர் சேர்த்த 'தல்லா சுவா பாச்சே' பாடலுக்கு 540ஏ என்றும், 'மி த்ராதீ' பாடலுக்கு 540சி என்றும் தனி எண்கள் உண்டு. ஒலிப்பதிவுகளில் பெரும்பாலும் இரண்டு நகர வடிவங்களையும் கலந்தே பாடியிருப்பார்கள். பாடலுக்குப் பாடல் இந்த எண்ணை எழுதினால், கையிலுள்ள பதிவில் எந்த நகரத்துக்கான பகுதி எங்கே வருகிறது என்பது ஒரே பார்வையில் புலப்படும்.

குழப்பம் தரும் வேறு எண்களும் உறையிலேயே இருக்கும். பின்புறப் பட்டைக் கோட்டு எண் கடையில் விற்கும் பொருளுக்கு உரியது. முழுத் தொகுப்புக்கும் அது ஒன்றே. நிறுவனத்தின் பட்டியல் எண்ணும் பொருளுக்கு உரியதே. 979-0 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க எண் அச்சிட்ட இசைத்தாளுக்கான ஐஎஸ்எம்என். அது ஒலியையும் குறிக்காது, படைப்பையும் குறிக்காது, ஒரு பதிப்பை மட்டும் குறிக்கும்.

இரண்டையும் இணைப்பது

அட்டவணையை எப்படி அமைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தடங்களை ஓர் அட்டவணையிலும் படைப்புகளை வேறோர் அட்டவணையிலும் வைத்து, மூன்றாவது அட்டவணையில் எந்தத் தடத்தில் எந்தப் படைப்பு ஒலிக்கிறது என்று இணைக்கவேண்டும். ஒரே வரியில் இரண்டு குறியீடுகளுக்கும் இரண்டு கட்டங்கள் போடும் முறை திரைப்பாடலுக்குப் போதும், ஓபராவுக்கு உதவாது. ஒரு தடத்திலேயே வசனப் பாடல், தனிப்பாடல், இருவர் பாடல் மூன்றும் அடங்கியிருக்கலாம். மறுபுறம் நீண்ட இறுதிக் காட்சி ஒன்றே ஐந்து தடங்களாக வெட்டப்பட்டிருக்கலாம். இணைப்பு வரி ஒவ்வொன்றிலும், அந்தப் படைப்பு தடத்தில் முழுமையாக வருகிறதா, பகுதியாக வருகிறதா என்று ஒரு குறிப்பும் சேர்த்துவிடுங்கள். குறியீட்டை எங்கிருந்து எடுத்தீர்கள், தகட்டிலிருந்தா, கோப்பிலிருந்தா, தேடல் தளத்திலிருந்தா என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். ஐயம் வரும்போது முதலில் பார்க்கப்படும் கட்டம் அதுவே.

சொந்தமாக ஓர் ஓபராவைப் பதிவு செய்து வெளியிடுபவர்கள் தங்கள் நாட்டின் தேசிய ஐஎஸ்ஆர்சி முகமையிடம் முன்னொட்டைப் பெறவேண்டும். ஒரு முன்னொட்டின் கீழ் ஆண்டுக்கு ஒரு லட்சம் குறியீடுகள் வழங்கலாம் என்பதால் பற்றாக்குறை வராது. தடங்களின் எல்லைகள் இறுதியாக முடிவான பிறகே குறியீடுகளை வழங்குங்கள். பிரதி எடுக்கும் நிலையில் ஒரு தடத்தை இரண்டாக வெட்டினால் எல்லாம் தள்ளிப்போகும். பின்னாளில் தனிப்பாடலாக வெளியிட எண்ணும் பகுதிகளுக்கு, தனி முடிப்போடு கூடிய வடிவத்தை அப்போதே தயார் செய்து, அதற்கு வேறு குறியீடு ஒதுக்கி, பேரேட்டில் இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதி, எது எதிலிருந்து வெட்டப்பட்டது என்று குறித்துவிடுங்கள். நிறுவனம் கை மாறலாம், பேரேட்டை எழுதியவர் ஓய்வு பெறலாம். அந்த ஒரு வரி மட்டும் பேரேட்டில் இருந்தால், பின்னால் வருபவர் இரண்டு தடங்களையும் மணிக்கணக்கில் ஒப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.